பதவி வாங்கித் தந்த விண்வெளிப் பயணத்துக்கு மரியாதை செய்யலாமா?

அமெரிக்காவில் பதவியில் இருக்கும்போதே பூமியைச் சுற்றி வந்த மக்கள் பிரதிநிதிகள் மூன்று பேர். யூட்டா மாநில செனட்டர் ஜேக் கார்ன் 1985 ஏப்ரலில் போனார். புளோரிடாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பில் நெல்சன் 1986 ஜனவரியில் போனார். ஒஹாயோ செனட்டர் ஜான் க்ளென் 1998 அக்டோபரில், தன் 77ஆம் வயதில், இரண்டாம் முறையாகப் போனார். இவர்களைப் போன்ற ஒருவருக்கு விருது கொடுப்பது, கட்டடத்துக்குப் பெயர் வைப்பது, விண்வெளி வீரர்கள் வரிசையில் இடம் தருவது என்று பேச்சு எழுந்தால் கூடவே ஓர் ஆட்சேபமும் எழும். நாசாவுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் கையில் இருந்தவருக்கு நாசா கொடுத்த பயணம் அது, அதற்குப் பாராட்டு எதற்கு என்பதுதான் அது.

நியாயமான ஆட்சேபம். ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஒரு மனிதரின் எந்த வேலைக்காக மரியாதை செய்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் இந்த விவாதம் இத்தனை காலமாக ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் 1980களின் சூழல். ஸ்பேஸ் ஷட்டில் 1981இல் பறக்கத் தொடங்கியது. விமானம்போல அடிக்கடி போய்வரும் வண்டி என்று சொல்லித்தான் நாசா அதை நாடாளுமன்றத்திடம் விற்றிருந்தது. அந்தப் பேச்சை மெய்ப்பிக்க, முழுநேர விண்வெளி வீரர்கள் அல்லாதவர்களையும் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. அதற்கு 'பேலோட் ஸ்பெஷலிஸ்ட்' என்ற பிரிவு கைகொடுத்தது. ஒரு குறிப்பிட்ட கருவிக்காகவோ ஆய்வுக்காகவோ நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மற்ற நாடுகளும் அனுப்பும் ஆட்கள் இவர்கள். நாசாவின் பைலட்டுகளும் மிஷன் ஸ்பெஷலிஸ்ட்டுகளும் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்து வாய்ப்புக்குக் காத்திருக்க, இவர்கள் சில மாதப் பயிற்சியோடு ஏறினார்கள். 1984 ஆகஸ்டில் ஓர் ஆசிரியரை அனுப்பப்போவதாக அதிபர் ரேகன் அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் நாசா தலைவர் ஜேம்ஸ் பெக்ஸ், கார்னுக்கு முறைப்படி அழைப்பு அனுப்பினார்.

கார்ன் அப்போது செனட்டில் நாசாவின் பட்ஜெட்டைக் கையாளும் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் தலைவர். தன்னையும் ஒரு முறை ஏற்றிப் போகச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். பணம் ஒதுக்குபவர் கேட்கும்போது பணம் வாங்கும் துறையால் மறுக்க முடியுமா? இந்தக் குற்றச்சாட்டுக்கு யாரும் சரியான பதில் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. ஒதுக்கீட்டுக்குப் பொறுப்பானவர் நேரில் போய்ப் பார்ப்பதும் மேற்பார்வையின் ஒரு பகுதி என்பது நாசாவின் விளக்கம். பார்ப்பதற்கு நாசா மையங்கள் இருக்கும் ஹூஸ்டனும் கேப் கனாவெரலும் போதாதா என்பது எதிர்க்கேள்வி.

ஆனால் கார்னை வேடிக்கை பார்க்கப்போன அரசியல்வாதி என்று மட்டும் சொல்வது அநியாயம். அவர் கடற்படை விமானி. பிறகு யூட்டா விமானப்படைக் காவலர் பிரிவில் பிரிகேடியர் ஜெனரல் வரை உயர்ந்தவர். 10,000 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர். 51-டி என்ற அந்தப் பயணம் டிஸ்கவரி ஷட்டிலில் 1985 ஏப்ரல் 12 அன்று கிளம்பி, 19ஆம் தேதி தரையிறங்கியது. ஏவிய லீசாட் செயற்கைக்கோள் உயிர்பெறவில்லை. அதன் விசையைத் தட்டிவிட ஒரு கருவியை அவசரமாகச் செய்து, ஷட்டிலின் இயந்திரக் கையில் அதைப் பொருத்துவதற்காக ஜெஃப்ரி ஹாஃப்மனும் டேவிட் கிரிக்ஸும் திட்டத்திலேயே இல்லாத ஒரு விண்நடையைச் செய்தார்கள். விசை தட்டப்பட்டும் செயற்கைக்கோள் எழவில்லை. இந்தப் பரபரப்புக்கு நடுவே கார்னின் வேலை மருத்துவச் சோதனைகளுக்கு உடம்பைக் கொடுப்பது. எடையற்ற நிலையில் வரும் குமட்டலும் மயக்கமும் எப்படி உருவாகின்றன என்பதே முக்கியக் கேள்வி. அவருக்கு அது கடுமையாகவே வந்தது. அதற்குப் பிறகு விண்வெளி நோயின் உச்ச அளவை 'ஒரு கார்ன்' என்று நாசாக்காரர்கள் பேச்சுவழக்கில் சொல்ல ஆரம்பித்தார்கள். கேலிச்சித்திரங்களும் வந்தன.

இந்தக் கேலி எனக்குப் பிடிப்பதில்லை. முதல் முறை விண்வெளிக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் அந்த உபாதை வருகிறது. முழுநேர வீரர்கள் அதை வெளியே சொல்லத் தயங்கிய காலம் அது, சொன்னால் அடுத்த வாய்ப்பு போய்விடும் என்ற பயம் இருந்தது. கார்னுக்கு அந்தப் பயம் இல்லாததால் மருத்துவர்கள் கேட்டதையெல்லாம் செய்ய ஒப்புக்கொண்டார். சோதனைக்கு ஆளாக முன்வந்தவர் என்ற வகையில் அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தில், ஷட்டில் குழுவினர் ஒத்திகை பார்த்த சிமுலேட்டர் கட்டடத்துக்கு ஜேக் கார்ன் பெயர் வைத்தார்கள். ஒரு வாரம் பறந்ததற்காக அந்தப் பெயர் என்றால் அது மிகை. பல ஆண்டுகள் நாசாவின் பட்ஜெட்டைக் காப்பாற்றியதற்காக என்றால் அதில் பொருள் உண்டு. பெயர்ப்பலகை எந்தக் காரணத்தையும் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். அதே கார்னின் பெயர் வேறோர் இடத்திலும் நிலைத்திருக்கிறது. செனட் வங்கிக் குழுவின் தலைவராக அவர் கொண்டுவந்த 1982ஆம் ஆண்டின் கார்ன்-செயின்ட் ஜெர்மைன் சட்டம், வீட்டுக்கடன் சேமிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அந்த நிறுவனங்கள் வரிசையாக விழுந்ததில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்று பொருளாதார அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அரசியல்வாதிக்கு மரியாதை செய்யும்போது இந்த மாதிரி வரலாறும் கூடவே வரும்.

சரி, பில் நெல்சன். இங்கேதான் விவாதம் வலிக்கத் தொடங்குகிறது.

நெல்சன் வழக்கறிஞர். கென்னடி விண்வெளி மையம் இருக்கும் கடற்கரைப் பகுதியின் பிரதிநிதி. பிரதிநிதிகள் சபையில் விண்வெளித் துணைக்குழுவின் தலைவர். செனட்டர் ஒருவர் போய்வந்தபின் கீழ்ச்சபைக்கும் ஓர் இடம் கேட்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். 1985 செப்டம்பரில் அவருக்கு அழைப்பு வந்தது. 61-சி பயணத்தில் அவருக்கு இடம் கொடுக்கப்பட்டது. அந்தப் பயணத்தில் போகவேண்டியிருந்தவர் கிரெகரி ஜார்விஸ். ஹியூஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் பொறியாளர். செயற்கைக்கோள்களின் எரிபொருள் தொட்டிகளுக்குள் திரவம் எடையின்றி எப்படி அசைகிறது என்று ஆராய்வது அவர் வேலை. நெல்சனுக்கு இடம் விட அவரை அடுத்த பயணத்துக்கு மாற்றினார்கள்.

61-சி பல முறை தள்ளிப்போனது. 1986 ஜனவரி 6 அன்று கிளம்ப 31 விநாடிகள் இருக்கும்போது நிறுத்தினார்கள். திரவ ஆக்சிஜன் பெருமளவு தவறுதலாக வடிந்துபோயிருந்ததும், தூக்கமில்லாமல் வேலை செய்த பணியாளர்களின் களைப்பு அதற்கு ஒரு காரணம் என்பதும் பின்னால் தெரியவந்தது. சேலஞ்சர் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் குழு இதையும் தன் அறிக்கையில் எழுதிவைத்தது. கடைசியில் ஜனவரி 12 அன்று நெல்சனோடு கொலம்பியா ஷட்டில் கிளம்பியது, 18ஆம் தேதி கலிபோர்னியாவில் இறங்கியது. பத்து நாள் கழித்து, ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் கிளம்பிய 73ஆம் விநாடியில் உடைந்து சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் அவர்களில் ஒருவர். கிரெகரி ஜார்விஸ் இன்னொருவர்.

நெல்சன் மேல் பழி போட முடியாது. சேலஞ்சர் விபத்துக்குக் காரணமான ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகும் என்று அவருக்குத் தெரியாது, எந்தப் பயணம் எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. அவர் பறந்த கொலம்பியாவிலும் அதே வகை வளையங்கள்தான் இருந்தன. இத்தனையையும் ஒப்புக்கொண்டபின்னும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. வேலைக்காகப் போகவேண்டிய ஒரு பொறியாளர், பதவிக்காகப் போன ஒருவருக்காக ஒதுங்கி நின்றார். அந்த முடிவை எடுத்தது நாசா. எடுக்க வைத்தது, நாசாவுக்கும் அதன் பட்ஜெட்டைத் தீர்மானிப்பவர்களுக்கும் இருந்த உறவு. நெல்சனின் பயணத்துக்கு எந்த மரியாதை செய்தாலும் அந்தக் கல்வெட்டில் ஜார்விஸின் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது நெல்சனைக் குற்றம் சொல்வதற்காக அல்ல, நடந்ததை முழுசாகச் சொல்வதற்காக.

விண்ணில் நெல்சன் என்ன செய்தார்? புரதப் படிகங்களை வளர்க்கும் ஆய்வில் உதவினார். தன் உடம்பிலும் சில மருத்துவ ஆய்வுகளைச் செய்யவிட்டார். பயனுள்ள வேலைதான், ஆனால் அவர் இல்லாவிட்டால் நின்றுபோயிருக்கக்கூடியது என்று சொல்ல மாட்டேன். அதே குழுவில் பைலட்டாக இருந்தவர் சார்ல்ஸ் போல்டன். 2009இல் போல்டனும் 2021இல் நெல்சனும் நாசாவின் தலைவர்களானார்கள்.

க்ளென் கதை வேறு மாதிரி. 1962 பிப்ரவரி 20 அன்று ஃபிரெண்ட்ஷிப் 7 கலத்தில் பூமியை மூன்று முறை சுற்றி, அப்படிச் சுற்றிய முதல் அமெரிக்கர் ஆனவர் அவர். அந்தப் புகழ்தான் 1974இல் அவரை செனட்டுக்கு அனுப்பியது. அதனால் அவருக்கு மரியாதை செய்வதில் யாருக்கும் தயக்கம் இல்லை. சந்தேகம் வந்தது 1998 பயணத்தின் மேல்தான். முதுமையில் எலும்பு தேய்வது, தசை மெலிவது, தூக்கம் கெடுவது எல்லாம் விண்வெளியில் இளைஞர்களுக்கும் நடக்கிறது, அதனால் வயதான ஒருவரை அனுப்பிப் பார்த்தால் இரண்டையும் ஒப்பிடலாம் என்று க்ளென் வாதாடினார். முதுமை பற்றி ஆராயும் தேசிய நிறுவனமும் சேர்ந்துகொண்டது. ஒரே ஒருவரை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று அறிவியலாளர்கள் கேட்டார்கள். தூக்கத்துக்கான மெலடோனின் ஆய்விலிருந்து மருத்துவக் காரணத்தால் அவரை விலக்கவும் வேண்டியிருந்தது. க்ளின்டன் கட்சியின் தேர்தல் நிதி விவகாரத்தை செனட் விசாரித்தபோது அக்கட்சி சார்பில் முன்வரிசையில் நின்றதற்குப் பரிசு இது என்றும் சிலர் குற்றம் சாட்டினார்கள். வெள்ளை மாளிகையும் நாசாவும் மறுத்தன.

ஆறிய பின் பார்த்தால், அறிவியல் லாபம் சிறியது, மக்களிடம் எழுந்த உற்சாகம் பெரியது. க்ளென் அளவுக்கு ஏற்கெனவே மரியாதை சம்பாதித்த ஒருவருக்கு நாடு ஒரு பயணத்தைப் பரிசாகக் கொடுத்தது என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இத்தனை சந்தேகம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியர்களுக்கு க்ளென் பெயர் வேறொரு காரணத்தாலும் பழக்கம். அணு ஆயுதப் பரவலைத் தடுப்பதையே செனட்டில் தன் முக்கியப் பணியாக வைத்திருந்தவர் அவர். 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை செய்தபோது அமெரிக்கா விதித்த தடைகள், 'க்ளென் திருத்தம்' எனப்படும் சட்டப்பிரிவின் கீழ் வந்தவை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் டிஸ்கவரியில் ஏறினார். விண்வெளி வீரராக அவரைக் கொண்டாடிய நம் ஊர்க்காரர்கள் பலர், சட்டம் இயற்றியவராக அவர்மேல் கோபத்தில் இருந்திருப்பார்கள். இரண்டும் ஒரே மனிதரின் உண்மையான வேலைகள்.

1999 மார்ச் 1 அன்று கிளீவ்லாந்தில் உள்ள நாசாவின் லூயிஸ் ஆராய்ச்சி மையம் க்ளென் பெயருக்கு மாறியது. ஜார்ஜ் லூயிஸ் யார்? நாசாவுக்கு முன்னோடியான நாகா அமைப்பில் பல்லாண்டுகள் விமான ஆராய்ச்சியை வழிநடத்தியவர். பெயர் தெரியாத நிர்வாகி, ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தின் வேர் அவர்தான். அவர் பெயரை முழுசாக அழிக்காமல், 'லூயிஸ் ஃபீல்டில் உள்ள ஜான் எச். க்ளென் ஆராய்ச்சி மையம்' என்று சமரசம் செய்தார்கள். எழுதுவதற்கு நீளம்தான், ஆனால் ஒருவரைப் பெருமைப்படுத்த இன்னொருவரைத் துரத்த வேண்டியதில்லை என்று காட்டிய நல்ல முடிவு. 2014இல் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் டிரைடன் விமான ஆராய்ச்சி மையம் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் பெயருக்கு மாறியபோதும், டிரைடன் பெயரைச் சோதனைப் பறப்பு வெளிக்கு வைத்துக் காப்பாற்றினார்கள்.

அரசியல்வாதிக்கு நாசாவில் இடமே கூடாது என்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாசாவின் பெரிய மையங்களில் மூன்று, பறக்காத அரசியல்வாதிகளின் பெயரில் இருக்கின்றன. கென்னடி, ஜான்சன் இரண்டும் உலகறிந்தவை. மூன்றாவது, ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மிசிசிப்பி மையம். அதற்கு 1988இல் செனட்டர் ஜான் ஸ்டெனிஸ் பெயர் வைத்தபோது அவர் உயிரோடும் பதவியிலும் இருந்தார். பல பத்தாண்டுகள் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் சட்டங்களை எதிர்த்து வாக்களித்தவர் அவர். 2020க்குப் பிறகு அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்ற குரல்கள் வலுத்தன. பதவியில் இருப்பவருக்கு அவசரமாகப் பெயர் வைத்தால் பிறகு வரும் தலைமுறை அதைச் சுமக்க வேண்டியிருக்கும். கார்ன், நெல்சன் விஷயத்தைவிட எனக்கு இதுதான் பெரிய பிழையாகத் தெரிகிறது.

நாடாளுமன்ற வேலையைச் சின்னதாக நினைக்கவும் கூடாது. 1993 ஜூன் 23 அன்று விண்வெளி நிலையத் திட்டத்தைக் கைவிட பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. 215க்கு 216 என்று ஒரே ஓட்டில் திட்டம் பிழைத்தது. இன்று சர்வதேச விண்வெளி நிலையம் என்று நாம் பார்ப்பது அந்த ஒரு ஓட்டைத் தாண்டி வந்தது. ராக்கெட்டில் ஏறாதவர்களின் கையிலும் இவ்வளவு இருக்கிறது.

நெல்சனின் உண்மையான தடமும் இங்கேதான். செனட்டராக அவர் சக செனட்டர் கே பெய்லி ஹட்சிசனோடு சேர்ந்து உருவாக்கிய 2010ஆம் ஆண்டின் நாசா சட்டம், எஸ்எல்எஸ் என்ற பெரிய ராக்கெட்டைக் கட்டச் சொன்னது. தனியார் கலங்களில் வீரர்களை அனுப்பும் திட்டத்துக்கும் அது இடம் கொடுத்தது. அந்த இரண்டாவது பாதையில்தான் இன்று ஸ்பேஸ்எக்ஸ் ஆட்களை ஏற்றிப் போகிறது. எஸ்எல்எஸ் 2022 நவம்பர் 16 அன்று முதல் முறையாகப் பறந்து ஓரியன் கலத்தை நிலவுக்கு அனுப்பியது. ஆனால் ஆர்டெமிஸ் என்ற நிலவுத் திட்டத்தின் தொடக்கப் பயணங்கள் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் சொந்தத் தணிக்கைத் தலைவரே சொன்னார். தொகுதிகளில் வேலைவாய்ப்பைக் காப்பாற்றவே கட்டிய ராக்கெட் என்பவர்களும் உண்டு, நிலவுக்குத் திரும்பும் வழியைத் திறந்தது என்பவர்களும் உண்டு. நெல்சனைப் பாராட்டுவதா வேண்டாமா என்ற சண்டை இதன்மேல் நடந்தால் அது உருப்படியான சண்டை. ஆறு நாள் பயணத்தின்மேல் நடப்பதில் பயனில்லை.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். 2017இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜிம் பிரைடன்ஸ்டைனை நாசா தலைவராக நியமிக்க முயன்றபோது, அந்தப் பதவிக்கு அரசியல்வாதி வரக்கூடாது என்று எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் நெல்சன். நான்கு ஆண்டு கழித்து அவரே அந்த நாற்காலிக்கு வந்தார். பிரைடன்ஸ்டைன் அதைப் பகையாக வைத்துக்கொள்ளாமல் நெல்சன் நியமனத்தை வரவேற்றார். பதவியில் அமர்ந்த சில மாதங்களிலேயே நெல்சனுக்கு ஒரு பெயர் விவகாரம் வந்துசேர்ந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பெயரை மாற்றக் கோரி வானியலாளர்கள் மனு கொடுத்தார்கள். 1961 முதல் 1968 வரை நாசாவை நடத்திய வெப்பும் விஞ்ஞானி அல்ல, வாஷிங்டன் நிர்வாகி. ஒருபாலீர்ப்பாளர்கள் அரசு வேலையிலிருந்து விரட்டப்பட்ட காலத்தில் அவர் பொறுப்பில் இருந்தார் என்பதே ஆட்சேபம். மாற்றுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2021இல் நெல்சன் அறிவித்தார். அடுத்த ஆண்டு நாசாவின் வரலாற்றாளர் அறிக்கை வெளியானபின்னும் பெயர் அப்படியே இருக்கிறது.

எதிர்த்திசையிலும் இந்தச் சிக்கல் வரும். வாலென்டினா தெரஷ்கோவா 1963 ஜூனில் வோஸ்டாக் 6இல் 48 முறை பூமியைச் சுற்றி, விண்வெளிக்குப் போன முதல் பெண் ஆனவர். நிலவின் ஒரு பள்ளத்துக்கே அவர் பெயர். 2020 மார்ச் 10 அன்று ரஷ்ய நாடாளுமன்றத்தில் எழுந்து, புதின் மறுபடியும் போட்டியிட வசதியாகப் பதவிக்காலக் கணக்கை அழிக்கும் திருத்தத்தை முன்மொழிந்தவரும் அவரே. அந்தத் திருத்தத்தை நான் ஏற்கவில்லை. ஆனாலும் 1963 பயணத்துக்கான மரியாதையைப் பறிப்பது தவறு. பயணம் அவர் பதவியால் கிடைத்தது அல்ல.

இப்போது விண்வெளி வீரர்கள் வரிசை. புளோரிடாவில் உள்ள அமெரிக்க விண்வெளி வீரர் புகழ் மண்டபத்துக்கு ஒரு விதி உண்டு. நாசாவில் பயிற்சி பெற்ற கமாண்டர், பைலட், மிஷன் ஸ்பெஷலிஸ்ட் ஆகியோரைத்தான் தேர்வு செய்யலாம். பேலோட் ஸ்பெஷலிஸ்ட்டாகப் போன கார்னுக்கும் நெல்சனுக்கும் அதனால் வாசல் மூடியிருக்கிறது. விதியைத் தளர்த்தலாம் என்ற யோசனையை நான் ஒரே நிபந்தனையோடு ஏற்பேன். கார்னோடு 51-டியில் பறந்த மெக்டொனல் டக்ளஸ் பொறியாளர் சார்ல்ஸ் வாக்கரும் பேலோட் ஸ்பெஷலிஸ்ட்தான். விண்ணில் மருந்துப் பொருள்களைத் தூய்மைப்படுத்தும் கருவியை இயக்க மூன்று முறை போனவர். ஜார்விஸும் மெக்காலிஃபும் அதே பிரிவில் ஏறித் திரும்பாதவர்கள். விதி தளர்ந்தால் முதலில் இந்த மூவரும் உள்ளே போகட்டும். செனட்டரும் பிரதிநிதியும் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.